பதினொரு நிமிடம்

செந்தூலில் அப்போது
யார் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் சரியாக ஓடாது.
ஓட வேண்டிய அவசியம் இல்லை.
ரயில்வே பட்டறைச் சங்கு ஏழுக்கு ஊதும்,
பன்னிரண்டுக்கு, ஒன்றுக்கு, பிறகு நாலரைக்கு.
அதற்குள் சோறு வெந்திருக்க வேண்டும்,
முந்தின இரவு வாங்கிய அடி
முகத்தில் வடிந்திருக்க வேண்டும்.
சம்பள நாளில் ஆ செங்
கடன் புத்தகத்தோடு முன் கேட்டில் நிற்பான்;
பின் கேட்டில் அவன் தம்பி.

சங்கு ஊதியவர் என் அப்பா சவரிமுத்து.
கொதிகலன் அறையில் ஒரு சங்கிலி,
இழுத்தால் நாலு லைனும் எழுந்து நடக்கும்.
பள்ளியில் என்னைச் சங்கூதி மகள் என்பார்கள்.
தமிழில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு என்று
தெரிந்த வயதில் ஒருத்தன் பல்லை உடைத்தேன்.

நான் பிறந்த காலை
மிஸ்ஸி வரும் வழியில் சைக்கிள் பஞ்சராகி
அப்பா அம்மாவின் கையை விடமுடியாமல்,
விட்ட பிறகு ஓடிப்போய் இழுத்தபோது
ஏழு, ஏழு பதினொன்று ஆகியிருந்தது.

அதற்குள் ஊர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது.
கிராணி நவரத்தினம் குடையை விரித்தார், மடக்கினார்.
ரொக்கையா மக்சிக்கின் நாசி லெமாக் தீர்ந்துபோனது.
ஒரு கால்வாய்க்காக மூன்று வருஷம் முகம் பார்க்காத
சிலோன் லைனும் தெலுங்கு லைனும்
"இன்னும் ஊதலையே" என்று பேசிக்கொண்டன.
அம்மா சொன்னது இது.
அம்மா அப்போது படுக்கையில் கிடந்தாள்,
எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்புங்கள்.
அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.
பதிவேட்டில் அப்பா எழுதியது:
தாமதம் பதினொரு நிமிடம். காரணம்: பெண்.

பட்டறை மூடியது. லைன்கள் இடிந்தன.
குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது பதினாலாவது மாடி.
நவரத்தினத்தின் பிள்ளைகள் மெல்பர்ன்,
ராமுலு குடும்பம் ரவாங் பக்கம்,
பட்டறை இருந்த இடத்தில் ஒரு பூங்கா,
உறுப்பினர் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும்.

நான் இப்போது இந்த அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகத்தில்.
லிஃப்டில் சிறுநீர், நடைபாதையில் செருப்பு,
ஒன்பதாம் மாடியில் ஒரே அறைக்குப் பத்து நேப்பாளிகள்
என்று புகார் வரும். எண்ணிப் பார்த்தேன், ஆறு பேர்தான்,
மெத்தை மூன்று, முறை வைத்துத் தூங்குகிறார்கள்.
மாதம் ஒருமுறை தீயணைப்பு மணியைச் சோதிப்பதும் என் வேலை.
யாரும் கதவைக்கூடத் திறப்பதில்லை.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு
அது தானாக அடித்தது.
இந்தத் தடவை இறங்கி வந்தார்கள்,
முந்நூறு பேர், கார் நிறுத்துமிடத்துக்கு.
பர்மாக்காரி கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஐ.நா. அட்டை.
கிளந்தான்காரர் மெர்போக் கூண்டோடு.
எட்டாம் மாடி யுகேந்திரன்
மனைவியை மறந்துவிட்டு மோட்டார் சாவியோடு வந்து,
அவள் வந்து சேர்ந்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.
நேப்பாளிப் பையன் கைலி மட்டும் கட்டியிருந்தான்;
ஒரு சீனக் கிழவர் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.
பிறகு இருவரும் ஆளுக்குப் பாதி குளிரில் நின்றார்கள்.
"நீங்க எந்த மாடி?" "நான் உங்க தலைக்கு மேலதான்."
"அந்தத் தையல் மிஷினா? நீங்களா?"

ஆறாம் மாடியில் யாரோ சம்பலுக்கு வறுத்தது கருகியிருக்கிறது.
தீ இல்லை என்று காவலாளி என் காதில் சொன்னபோது மணி 2.10.
ஒலிபெருக்கி என் கையில் இருந்தது.
யாரோ ஃபிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்திருந்தார்கள்,
மூடியில் ஊற்றிக் கைமாறிக்கொண்டிருந்தது.
ஒரு வாய் எனக்கும் வந்தது. சீனி அதிகம்.

எல்லோரும் மேலே போகலாம் என்று
நான் அறிவித்தது 2.21.

படிவத்தில் காரணம் என்றொரு கட்டம்.
பேனாவைக் கொஞ்ச நேரம் கடித்தேன்.
இக்கான் பிலிஸ் என்று எழுதினேன்.